நன்றாக இருக்கும் நாளில்தான் கவனம் அதிகம் வேண்டும்

2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியாகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் எனக்கும் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்குப் போகும் நிலை வரவில்லை. ஆக்சிஜன் 95க்குக் கீழே இறங்கவே இல்லை. மாடி அறையில் தனியாகப் படுத்து, பாராசிட்டமால் போட்டு, கஞ்சியும் மிளகு ரசமும் குடித்து எழுந்து வந்துவிட்டேன். எங்கள் தெருவிலேயே ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்து ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருந்தன. அதைப் பார்த்தபிறகு எனக்கு வந்ததை நோய் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. "உனக்கு லேசா வந்துட்டுப் போயிருச்சும்மா, சாமிக்கு ஒரு கும்பிடு போடு" என்றார் என் மாமியார். மனசாரக் கும்பிட்டேன். ஆனால் அந்த லேசான காய்ச்சலுக்குப் பின்னால் வந்த சோர்வு என் வாழ்க்கையில் இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதில் முதல் பாதியை இந்த நோயின் போக்கு தெரியாமலேயே கழித்தேன். தெரிந்த ஒருவர் முன்னாடியே சொல்லியிருந்தால் எவ்வளவோ வேதனையும் பணமும் மிச்சமாகியிருக்கும். கொரோனாவோ, டெங்குவோ, சிக்குன்குனியாவோ, வேறு எந்தப் பெரிய காய்ச்சலோ வந்து போய், மாதங்கள் ஆகியும் உடம்பு தேறாமல் இருப்பவர்கள் யாராவது படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவள். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி உயர்நிலை வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். அதுவரை வீட்டில் இருந்து ஆன்லைனில் எடுத்ததால் எனக்கு எவ்வளவு பலம் போயிருக்கிறது என்பதே தெரியவில்லை. கொஞ்சம் அசதி, படி ஏறினால் படபடப்பு, அவ்வளவுதான். பள்ளிக்குப் போன முதல் நாள் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பிள்ளைகளை நேரில் பார்த்த சந்தோஷத்தில் எல்லா பீரியடும் நின்றுகொண்டே எடுத்தேன். மறுநாளும் சமாளித்தேன். மூன்றாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல் அடிப்பதுபோல் உடம்பு வலி, தொண்டை கரகரப்பு, கைகால் கனம், தலைக்குள் பஞ்சை அடைத்ததுபோல் ஒரு மந்தம். இருபடிச் சமன்பாட்டை வருடக்கணக்காகக் கரும்பலகையில் போட்டவளுக்கு, சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி என்ன என்று தெரியாமல் நின்ற நேரங்கள் வந்தன. மீண்டும் கொரோனாவோ என்று பரிசோதித்தால் இல்லை என்று வந்தது. படுத்திருந்தேன், கொஞ்சம் தேறியது, பள்ளிக்குப் போனேன், இரண்டு நாளில் மறுபடி விழுந்தேன். டிசம்பர் வரை இதே கதைதான். ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சின்ன வேலைக்கே விழுந்தேன்.

டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. இரத்தம், தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி, எக்கோ, நுரையீரல் ஸ்கேன் என்று வரிசையாக எடுத்தோம். வைட்டமின் டி மட்டும் குறைவு, மற்றதெல்லாம் நார்மல். அதில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் போனது. அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் நீண்டகால கொரோனா பாதிப்புக்கு ஒரு வரையறை சொன்னது: தொற்று வந்து 3 மாதம் ஆனபின்னும் இருக்கும், குறைந்தது 2 மாதமாவது நீடிக்கும், வேறு எந்த நோயாலும் விளக்க முடியாத தொந்தரவுகள். வேறு நோய் இல்லை என்று உறுதி செய்வது அந்த வரையறையிலேயே இருக்கிறது. இரத்தசோகை, தைராய்டு, ஸ்டீராய்டு கொடுத்ததால் ஏறிய சர்க்கரை, இருமலும் எடைக்குறைவும் இருந்தால் காசநோய், இதையெல்லாம் பார்த்து விலக்காமல் 'இது நீண்டகால கொரோனாதான்' என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. வீணானது அதற்கப்புறம் போன பணம். ரிப்போர்ட் நார்மல் என்றதும் ஒரு டாக்டர், "மனசை லூஸா விடுங்க மேடம், வாக்கிங் போங்க" என்றார். ஒரு பிசியோதெரபி மையத்தில் வாராவாரம் நடையைக் கூட்டச் சொன்னார்கள். சிரத்தையாகக் கூட்டினேன், ஜனவரியில் பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போகும் நிலைக்கு வந்தேன். இன்னொரு தனியார் மையத்தில் வைட்டமின் டிரிப் ஏற்றினால் ஒரு மாதத்தில் பழைய ஆளாகிவிடலாம் என்று முப்பதாயிரத்துக்குப் பேக்கேஜ் போட்டார்கள். டிரிப் ஏறிய அன்று தெம்பு வந்ததுபோல் இருக்கும், அடுத்த இரண்டு நாளில் பழையபடிதான். இதோடு சம்பளமில்லா விடுப்பு. அந்தக் கல்வியாண்டில் பாதிச் சம்பளம்கூடக் கைக்கு வரவில்லை. பணத்தைவிட வலித்தது, நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்ததுதான். ஒருவேளை எனக்கு வேலை செய்யப் பிடிக்காமல்தான் உடம்பு இப்படிச் செய்கிறதோ என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறேன்.

மாற்றம் வந்தது மதுரையில் ஒரு பொதுமருத்துவரைப் பார்த்தபோது. அதுவரை எல்லோரும் "இப்போ எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். இவர், "ஒரு வேலை செஞ்சா மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். உழைப்புக்குப் பின் வரும் இந்த வீழ்ச்சி மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான் என்று அவர் சொன்னார். கொரோனாவுக்குப் பல வருடம் முன்பிருந்தே, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் நாள்பட்ட களைப்பு நோயில் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை அந்த நோயின் மைய அடையாளங்களில் ஒன்றாகவே இதைச் சொன்னது. விசேஷம் என்னவென்றால் இந்த வீழ்ச்சி உடனே வராது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும். வந்தால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இருக்கும். செவ்வாய்க்கிழமை செய்த வேலைக்கு வியாழக்கிழமை படுக்கையில் கிடப்போம். அதனால்தான் எது எதனால் வந்தது என்று பிடிபடுவதே இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2007இல் இந்தக் களைப்பு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. 2021 அக்டோபரில் அதை மாற்றி, அப்படிப்பட்ட பயிற்சித் திட்டத்தைத் தரக்கூடாது, இருக்கும் சக்தியின் எல்லைக்குள் அளந்து வாழக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எழுதியது. நான் நடையைக் கூட்டிக்கொண்டிருந்த மாதங்களில் இது ஏற்கெனவே அச்சில் இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நோயிலிருந்து தேறும் எல்லோருக்கும் இது பொருந்தாது. ஐசியூவில் கிடந்து தசை கரைந்தவர்கள், இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், நுரையீரல் பாதித்தவர்கள் பலருக்கு மேற்பார்வையோடு செய்யும் உடற்பயிற்சிதான் மருந்து. அவர்கள் படுத்தே கிடந்தால் இன்னும் பலவீனமாவார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க அந்த மருத்துவர் கேட்ட கேள்விதான் எனக்குத் தெரிந்து நல்ல வழி. நடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் சாதாரணக் கால்வலி தவிர வேறொன்றும் இல்லை, வாரம் போகப்போகத் தெம்பு கூடுகிறது என்றால் தாராளமாகக் கூட்டுங்கள். தொண்டை வலி, காய்ச்சல் உணர்வு, தூங்கியும் தூங்காத அசதி, தலை மந்தம் என்று கூட்டமாக வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அந்தப் போக்கைச் சொல்லுங்கள்.

முதலில் அவர் கொடுத்த வேலை ஒரு நோட்டு போடுவது. ஆசிரியைக்கு நோட்டு போடச் சொல்லித்தர வேண்டுமா, உற்சாகமாக மணிவாரியாக எழுத ஆரம்பித்தேன். எழுதுவதே என்னைக் களைக்கச் செய்தது. அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று வரியாகச் சுருக்கினேன். செய்த பெரிய வேலை என்ன, எவ்வளவு நேரம் நின்றேன், இன்றைக்கு உடம்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். அவ்வளவு போதும். வாரக் கடைசியில் மதிப்பெண் குறைந்த நாளை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு நாள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அன்றைய நாளை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. எனக்கு ஒரு மாதத்திலேயே நான் எதிர்பார்க்காத விஷயங்கள் தெரிந்தன. வீடு கூட்டுவதைவிட, மதியம் வெயிலில் கடைக்குப் போவது என்னைக் கவிழ்த்தது. ஒரு மணி நேரம் போனில் சொந்தக்காரர்களோடு பேசுவது, சமையல் முழுவதையும் செய்ததற்குச் சமமாக இருந்தது. ஒரு துக்க வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தது ஒரு வாரத்தைத் தின்றது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் என் எல்லை பாதியாகச் சுருங்கியது. விடைத்தாள் திருத்துவது, பேங்க் பாஸ்புக் கணக்குப் பார்ப்பது, அழுவது, கோபப்படுவது எல்லாமே இந்த நோயில் வேலைக் கணக்கில்தான் வரும்.

எல்லை தெரிந்தபிறகு அதற்குள் இருப்பதுதான் கஷ்டம். எங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் ஊற்றுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது புரியும். கொஞ்சம் இறைத்து நிறுத்தினால் மறுபடி ஊறும். அடிவரை இறைத்துச் சேறு கலங்கிவிட்டால் தெளியவே நாளாகும். உடம்பு மோசமாக இருக்கும் நாளில் யாரும் சொல்லாமலே நாம் படுத்துவிடுவோம், அன்றைக்கு ஆபத்தில்லை. நன்றாக இருக்கும் நாளில்தான், சேர்ந்து கிடக்கும் துணியையெல்லாம் துவைத்துவிடலாம், பரணைத் துடைத்துவிடலாம், போகாத வீட்டுக்கெல்லாம் போய்விட்டு வந்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அன்றைக்குத்தான் நம்மைப் பார்த்து நிம்மதி வரும், 'இன்னைக்கு நல்லாத்தானே இருக்கே' என்று ஒரு வேலையைக் கூட்டித் தருவார்கள். நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி இது: நன்றாக இருக்கும் நாளிலும் நேற்றுச் செய்த அளவுதான் செய்வேன். 'இன்னும் கொஞ்சம் முடியும்' என்று தோன்றும்போதே நிறுத்துவேன். அசதி தெரிந்தபிறகு நிறுத்துவது தாமதம். இதற்கு மனசை நம்பாமல் போனில் பதினைந்து நிமிட அலாரம் வைத்துக்கொண்டேன். அலாரம் அடித்தால் தோசைக்கல்லில் தோசை இருந்தாலும் அடுத்தவர் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுப்பேன். ஓய்வு என்றால் படுத்துக் கண்ணை மூடுவது. போனில் வீடியோ பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எனக்கு ஓய்வாகவே இருக்கவில்லை. ஆரம்பத்தில் அந்தப் பத்து நிமிடம் சும்மா கிடப்பது தண்டனை மாதிரி இருந்தது. பழகியபின் ஒரு நாளின் தெம்பே அந்தப் பத்து நிமிடங்களால்தான் வந்தது.

வீட்டு வேலையில் சின்னச் சின்ன மாற்றங்கள்கூட நிறைய உதவின. பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல். வெந்நீரில் நின்று குளிப்பதை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்து குளித்தேன். சூட்டில் இரத்தக்குழாய்கள் விரிந்து தலைசுற்றல் கூடுகிறது. அரிவாள்மனையில் தரையில் உட்கார்ந்து நறுக்கிவிட்டுச் சட்டென்று எழுவதுதான் எனக்குக் கண் இருட்டியதற்குக் காரணம் என்று தெரிந்ததும், மேஜையில் வைத்துக் கத்தியால் நறுக்க ஆரம்பித்தேன். துவைப்பதும் சமைப்பதும் ஒரே நாளில் கூடாது. தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு பெரிய வேலை எதுவும் கிடையாது.

கண் இருட்டுவது, படபடப்பு இருப்பவர்கள் கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். அது நாடித்துடிப்பையும் காட்டும். பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து துடிப்பைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு எழுந்து, சுவரோரம் அசையாமல் பத்து நிமிடம் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பெரியவர்களுக்குப் படுத்திருந்தபோது இருந்ததைவிடத் துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். எழுந்து நின்றாலே நாடித்துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் 'பாட்ஸ்' என்ற பிரச்சினையாக இருக்கலாம். எனக்கு அதுதான் இருந்தது. எக்கோவிலும் ஈசிஜியிலும் தெரியாதது இந்தக் காசில்லாச் சோதனையில் தெரிந்தது. எல்லாச் சோதனையும் என்னைப் படுக்கவைத்துத்தான் எடுத்திருந்தார்கள். துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், கூடுதலாகத் தண்ணீரும் உப்பும் என்று சிகிச்சை ஆரம்பித்தது. உப்பு விஷயத்தில் நீங்களாக இறங்காதீர்கள். பிரஷர், சிறுநீரகம், இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு அது விஷமாகிவிடும்.

மாமியாரோடு இருந்த சங்கடத்தைச் சொல்லாமல் விட முடியாது. அவர் வயலில் வேலை செய்து வளர்ந்தவர். "படுத்தா படுத்துருவே, நாலு எட்டு நட, தானா தேறிடும்" என்பதுதான் அவர் கண்ட வாழ்க்கை. அதில் பாசம் மட்டும்தான் இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குள் குத்தியது. வாதாடி ஒன்றும் நடக்கவில்லை, வாதாடுவதே எனக்கு ஒரு நாளைச் சாப்பிட்டது. அந்த நோட்டை என் கணவர் ஒரு நாள் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினார். ஞாயிறு கல்யாணத்துக்குப் போனது, செவ்வாய் எழுந்திருக்காதது, மறுபடி ஒரு விசேஷம், மறுபடி இரண்டு நாள் கழித்து விழுந்தது. "அத்தனை தடவையுமா?" என்று கேட்டவர், அடுத்த விசேஷத்துக்கு, "நீ முகூர்த்தத்துக்கு மட்டும் வா தாயி, பந்தியெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். அதிலிருந்து எங்கே போவதானாலும் முன்னாடியே ஒரு நாள், பின்னாடி இரண்டு நாள் காலியாக வைத்தோம். மண்டபத்தில் படுக்க ஒரு அறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போவதும் பயணம்தான், அதற்கும் இதே கணக்கு.

எப்போது கூட்டலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்று நான்கு வாரம் ஒரு வீழ்ச்சியும் இல்லாமல் மதிப்பெண் சீராக இருந்தால், ஒரே ஒரு வேலையை மட்டும், ஐந்து நிமிடம் கூட்டிப் பார்ப்பேன். இரண்டு நாள் காத்திருப்பேன். சரியாக இருந்தால் அந்த அளவிலேயே இன்னும் இரண்டு வாரம் நிற்பேன். சளி பிடித்தாலோ தடுப்பூசி போட்டாலோ பழைய அளவுக்குத் திரும்புவேன். எரிச்சலாகத்தான் இருக்கும். பத்து நிமிட நடைக்கு வர எனக்குப் பல மாதங்கள் ஆயிற்று, ஆனால் அந்தப் பத்து நிமிடம் பறிபோகாமல் நின்றது. நெஞ்சு வலி, மயங்கி விழுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஆக்சிஜன் 94க்குக் கீழே போவது, இவையெல்லாம் இந்தச் சோர்வோடு சேர்த்துப் பார்க்கும் விஷயமே இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள், 'பூரண ஓய்வு தேவை' என்ற பொதுவான சர்டிபிகேட்டை வாங்காதீர்கள். அதை வைத்து நிர்வாகத்தால் ஒன்றும் செய்ய முடியாது, விடுப்பு கொடுத்து அனுப்பத்தான் முடியும். நான் 2022 ஜூனில் திரும்பப் போனபோது மருத்துவரிடம் ஒவ்வொன்றாக எழுதி வாங்கினேன். உட்கார்ந்து பாடம் எடுக்க அனுமதி, தொடர்ந்து இரண்டு பீரியட் கூடாது, வகுப்பு தரைத்தளத்தில் இருக்க வேண்டும், பிரேயரில் வெயிலில் நிற்கக் கூடாது, முதல் மூன்று மாதம் அரை நாள். தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு டைம்டேபிளை எடுத்து மேஜையில் வைத்து, அங்கேயே பீரியடுகளை மாற்றிப் போட்டார். அரைச் சம்பளம்தான் வந்தது. ஆனால் விடுப்பு எடுத்து எடுத்து வேலையே போய்விடுமோ என்ற பயம் போனது. அந்தக் கடிதத்தில் எதைச் செய்ய முடியும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்துவதை வீட்டில் படுக்கையில் சாய்ந்தபடி செய்ய முடியும் என்று எழுதியிருந்ததால், எனக்குக் குறைந்த பீரியடுகளுக்குப் பதிலாக அதைக் கொடுத்தார்கள். மற்ற ஆசிரியைகளுக்கும் மனக்குறை வரவில்லை.